மூன்று மாத மழை, பன்னிரண்டு மாதக் கிணறு

சுற்றாடல் பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். இம்முறை வந்த கடிதங்களில் கூடுதலானவை தண்ணீரைப் பற்றியவை. ஆறில்லாத ஊரில் அது இயல்புதான்.

கேள்வி: ஆனி, ஆடி வந்தால் எங்கள் கிணறு சவர்க்கத் தொடங்குகிறது. மாரியில் நல்ல தண்ணீர். இன்னும் பத்தடி தோண்டினால், அல்லது அடியில் குழாய் இறக்கினால் நன்னீர் கிடைக்குமா?
— வாசகர், வேலணை

பதில்: கிடைக்காது. இருப்பதும் கெட்டுப்போகும். தயவுசெய்து தோண்டாதீர்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். மாரி மழை அதற்குள் இறங்கி, கடலிலிருந்து ஊறி நிற்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் எங்கள் குடிதண்ணீர் முழுவதும் நிற்கிறது. கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு 1 அடி மேலே இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அந்த 1 அடியில் அரை அடியை இறைத்துக் குறைத்தால், அடியிலுள்ள உப்பு நீர் 20 அடி மேலேறப் பார்க்கும். வெடிப்புள்ள கல்லில் இந்தக் கணக்குக் கொஞ்சம் கூடிக் குறையும், ஆனால் திசை மாறாது. நிலாவரைக் கிணற்றிலும் இதுதான்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதக் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. மோட்டருக்குக் களைப்பில்லை. ஒரே மூச்சில் மூன்று மணித்தியாலம் இறைத்தால் குழாயின் நேர்கீழே உப்பு நீர் கூம்பாக எழும்பும். எழும்ப எடுப்பது சில மணித்தியாலம். இறங்க எடுப்பது நாட்கள், சிலவேளை அடுத்த மாரிவரை.

நீங்கள் செய்யக்கூடியது இது. மோட்டரின் உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடியில் விடாமல், நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே மட்டும் தொங்கவிடுங்கள். நீர்மட்டம் இறங்க இறங்கக் குழாயையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று உறிஞ்சி மோட்டர் சூடாகும். ஒரே தடவையாக இறைப்பதைக் காலையிலும் மாலையிலுமாகப் பிரியுங்கள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, கிணற்றுக் கட்டின் ஒரே இடத்திலிருந்து இறக்கி, வாரத்துக்கு ஒருமுறை, இறைக்க முன்னர், நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். முடிந்தால் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு மின்கடத்துதிறன் மானி வாங்குங்கள். சட்டைப் பையில் வைக்கும் அளவுதான். நாக்கு உப்பை உணர முன்னரே அது சொல்லிவிடும். வெண்காயம் செய்கிறவர்கள் ஓர் எண்ணை நினைவில் வைத்திருங்கள்: மானி சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமனைத் தாண்டினால் வெண்காய விளைச்சல் குறையத் தொடங்கும். தோட்டப் பயிர்களில் உப்பை மிகக் குறைவாகத் தாங்குவனவற்றில் அதுவும் ஒன்று.

யாராவது ஏற்கெனவே கிணற்றடியில் துளையிட்டிருந்தால் அதைக் களிமண்ணும் சீமெந்துமாக அடைத்துவிடுவதுதான் நல்லது.

கேள்வி: எங்கள் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் குழந்தைக்குப் பால் கரைக்கிறோம். பயமில்லைத்தானே?
— வாசகி, கோப்பாய்

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் மீதியில் அது இன்னும் செறிவாகும். கரி வடிகட்டியும் அதைப் பிடிக்காது. எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்த நீர், அல்லது பரிசோதித்து நல்லதென்று தெரிந்த வேறு நீர் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, பால்மா குடிக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்துக் கூட. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் நேரே ஆசுபத்திரிக்குப் போங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை.

அறிக்கையை இன்னொருமுறை பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்று என்றும், சில நைத்திரேற்று-நைதரசன் என்றும் எழுதும். இரண்டாவதற்கு எல்லை ஏறத்தாழ 11. "20" என்று வந்திருந்தால் எந்தக் கணக்கில் 20 என்று கேளுங்கள். ஒன்றில் அது பாதுகாப்பு, மற்றதில் எல்லையின் இரு மடங்குக்குக் கிட்ட.

இது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. யூரியாவில் 46 வீதம் நைதரசன். 10 கிலோ யூரியாவில் 4.6 கிலோ. அது முழுவதும் பயிருக்குப் போகாமல் நைத்திரேற்றாகி இறங்கினால் 20 கிலோவுக்கு மேல் வரும். 4 இலட்சம் லீற்றர் நீரை எல்லைக்குக் கொண்டுவர அது போதும். 12 அடி விட்டத்தில் 6 அடி தண்ணீர் நிற்கும் கிணற்றில் இருப்பது 19,000 லீற்றர் சொச்சம். அதாவது பயிர் குடிக்காத ஒரு சிறு மூட்டை யூரியா இருபது கிணற்றுக்குப் போதும். பயிர் ஒரு பங்கை எடுக்கும், ஒரு பங்கு காற்றில் போகும், அது உண்மை. ஆனால் எங்கள் செம்மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது, அதன்கீழ் வெடித்த கல். பசளை போட்ட மறுநாள் பாத்தி நிரம்ப இறைத்தால் மீதி எங்கே போகும்?

ஆகவே தோட்டக்காரர்களுக்கு: யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் சிறு அளவாகப் பல தடவை போடுங்கள். போட்டபின் மண் நனையும் அளவுக்கு மட்டும் இறையுங்கள். மழை இருண்டிருக்கும் நாளில் போடாதீர்கள். முன்னையோர் செய்ததுபோல் பூவரசம் குழையும் கிளிசரியாவும் தாழ்த்தினால் நைதரசன் மெதுவாக வெளிப்படும், யூரியாவும் குறையும். எருக் கும்பியைக் கிணற்றடியில் வைக்க வேண்டாம், அதிலிருந்து வடிவதும் இதே பொருள்தான்.

மற்றது மலக்குழி. கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி வைத்தால் போதும் என்பது மண் நிலத்துக்கு ஓரளவு சரி. சுண்ணக்கல்லில் ஒரு வெடிப்பு 50 அடியையும் ஓர் இரவில் கடத்திவிடும். அடியில் கல் வெளிப்பட்ட திறந்த குழி வேண்டாம். அடியும் பக்கமும் சீமெந்து பூசிய, இரண்டு அறையுள்ள தாங்கி கட்டுங்கள். ஐந்து பேருள்ள வீட்டுக்கு 2,000 முதல் 2,500 லீற்றர், முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. வெளியேறும் நீரை ஆழக் குழியில் விடாமல், இரண்டடிக்கு மேல் ஆழமில்லாத மணற்பாத்தியில் பரவவிட்டு வாழை நடுங்கள். இதில் வழமையாக நடக்கும் பிழை, கட்டும்போது செலவு குறைக்க அடியைப் பூசாமல் விடுவது. "கனகாலமாய் நிரம்பவில்லை" என்று சொல்லப்படும் தாங்கி நல்ல தாங்கி அல்ல. அது கிணற்றுக்குள் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூரைத் தண்ணீரைச் சேமிக்க விரும்புகிறோம். எவ்வளவு பெரிய தாங்கி? நேரே கிணற்றுக்குள் விட்டாலென்ன?
— வாசகர், நல்லூர்

பதில்: 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 930 லீற்றர். தெறிப்பும் ஒழுக்கும் போக 740 லீற்றர் கைக்கு வரும். ஐப்பசி முதல் மார்கழி வரை அப்படி எத்தனையோ நாள் கிடைக்கும், அதனால் தாங்கியின் அளவை மழையை வைத்துப் பார்க்காமல் கோடையை வைத்துப் பாருங்கள். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லீற்றர். ஆறு மாதத்துக்கு 9,000. எனவே 10,000 லீற்றர் தாங்கி.

முதல் மழை கூரையின் புழுதியையும் காக எச்சத்தையும் கழுவிவரும். அதைத் தனியே பிடிக்க, பீலியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு கிளை பிரித்து, 160 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் இரண்டரை மீற்றர் நிறுத்தி, அடியில் திருகு மூடி போடுங்கள். அதற்குள் 45 லீற்றர் அளவில் நிற்கும். அது நிரம்பியபின் வரும் நீர்தான் தாங்கிக்குப் போகும். மூடியில் சின்னத் துளை ஒன்று இருந்தால் மழை விட்டபின் தானாக வடியும். அந்தத் துளை இலையால் அடைபடுவதுதான் இந்த அமைப்புக் கெடும் முதல் காரணம். குழாய் நிரம்பியபடியே இருக்க, அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் தாங்கிக்குள் போய்விடும். வாரம் ஒருமுறை மூடியைத் திருகித் திறந்துவிடுங்கள்.

தாங்கிக்குள் வெளிச்சம் போகக்கூடாது, போனால் பாசி பிடிக்கும். வாய்க்கும் வழிவுக் குழாய்க்கும் நுளம்பு வலை கட்டுங்கள். எடுக்கும் குழாய் அடியிலிருந்து 4 அங்குலம் உயரத்தில் இருக்கட்டும், அதற்குக் கீழே வண்டல் தங்கும். சீமெந்துத் தாங்கி புதிதென்றால் இரண்டுமுறை நிரப்பி வெளியே விட்டபின் பாவியுங்கள். குடிக்க முன் கொதிக்கவையுங்கள்.

வழிந்து வரும் மிச்சத்தைக் கிணற்றுக்கு விடலாம், ஆனால் வடித்து. கிணற்றருகே மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழக் குழி. அடியில் ஓரடிக்குப் பெரிய கல், மேலே அரையடிக்கு முக்கால் அங்குலச் சல்லி, அதன்மேல் ஓரடிக்குக் கழுவிய பரும்படி மணல். மேல் அரையடி வெறுமையாக இருக்கட்டும். அடியிலிருந்து ஒரு குழாய் கிணற்றுக்கு. ஒவ்வொரு புரட்டாதியிலும் மணலை அள்ளிக் கழுவாவிட்டால் நீர் வடியாமல் முற்றத்தில் நிற்கும். முற்றத்து நீரையும் ஒழுங்கை வெள்ளத்தையும் ஒருபோதும் இதற்குள் விடாதீர்கள். அதில் எண்ணெயும் சாணியும் மருந்தும் வரும், கல்லின் வெடிப்பு எதையும் வடிக்காது.

கேள்வி: வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டப்போகிறோம். சூழலுக்கு ஏதும் நட்டமா?
— வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: நட்டம்தான். மதில் மழைநீரின் ஓட்டத்தை மறிக்கும், ஓணானுக்கும் கீரிக்கும் வழியடைக்கும், ஆண்டுக்கு ஆண்டு கிடைக்கும் குழையும் போகும். வீதிப் பக்கம் மட்டும் மதில் வைத்து, மற்ற மூன்று பக்கமும் கதியால் போடலாம். கிளுவையோ பூவரசோ, கை மொத்தத்தில் 5 அடித் தடி. தோல் கிழியாமல் கூரான கத்தியால் வெட்டி, மேல் நுனியைச் சரிவாக விட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டபின் ஓரடி ஆழம் நடுங்கள். இடைவெளி ஓரடி. அலவாங்கால் குழி போட்டுத்தான் இறக்க வேண்டும், அடித்து இறக்கினால் அடித்தோல் உரிந்து அழுகும். புரட்டாதிக் கடைசி நல்ல காலம். மதில் கட்டியே தீரவேண்டும் என்றால் அடியில் பத்தடிக்கு ஒன்றாகத் தண்ணீர் போகும் துவாரம் விடுங்கள்.

கேள்வி: இயற்கைப் பாதுகாப்பு என்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த எண்ணமா? பரீட்சைக்காகக் கேட்கவில்லை, உண்மையில் அறிய விரும்புகிறேன்.
— மாணவி, பருத்தித்துறை

பதில்: சட்டம் அவர்கள் கொண்டுவந்தது. எண்ணம் அதற்கு மிக முந்தியது. தேவநம்பியதீசன் காலத்து மிகிந்தலையை உலகின் பழைய சரணாலயங்களில் ஒன்றாகச் சொல்வது இந்த நாட்டு மரபு. எங்கள் பக்கத்தில் அது குளமாகவும் கேணியாகவும் இருந்தது. கோடையில் வற்றிய குளத்து வண்டலை அள்ளி வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்கு இட்டார்கள். தோட்டத்துக்கு உரம், குளத்துக்கு ஆழம். யாரும் அதைச் "சுற்றாடல்" என்று சொல்லவில்லை, அதனாலேயே பலருக்கு அது வரலாறாகத் தெரிவதில்லை.

ஆங்கிலேயரின் முதல் வனச் சட்டம் 1885இல் வந்தது. காட்டை மரத்துக்காகக் காக்கும் சட்டம் அது. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. வேட்டையாட விலங்கு இல்லாமல் போய்விடும் என்ற கவலையில் பிறந்த அந்தச் சங்கம்தான் இன்றைய வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1938இல் நடைமுறைக்கு வந்தது. யாலவும் வில்பத்துவும் அந்த ஆண்டு தேசிய பூங்காக்களாயின. எங்கள் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமானதும் 1938இல்தான். 2015இல் அது தேசிய பூங்காவாகத் தரமுயர்ந்தது.

எங்களுக்கு நெருக்கமானது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம். பலாவோடும் ஈரப்பலாவோடும் பெண்பனையும் அதில் உண்டு. சொந்த வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. இது பலருக்குத் தெரியாது, பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபை, 1980இல் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம்.

தண்ணீர் வரலாறு தனி. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டம், கனகராயன் ஆற்று நீர் வந்து சேரும் ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவரும் எண்ணம். தொண்டைமானாற்றுத் தடுப்பணையும் அரியாலைத் தடுப்பணையும் அதன் உறுப்புகள். முழுத் திட்டம் நிறைவேறவில்லை. கதவுகள் பழுதாகி உப்பு நீர் உள்ளே வந்த ஆண்டுகளில் சுற்றுக் கிணறுகள் அதை உடனே காட்டின.

கடைசியாக ஒன்று. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்த விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாசாக்கியவரே செலவைக் கட்ட வேண்டும் என்ற கொள்கை எங்கள் கிணறுகளின் பேரில் எழுதப்பட்டது. இந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள், பாடநூலைவிட உதவும்.

கேள்வி: உலகச் சுற்றாடல் தினத்துக்கு, ஜூன் 5இல், எங்கள் கழகம் நீரேரிக் கரைச் சேற்றில் 1,000 கண்டல் நட இருக்கிறது. ஆலோசனை தாருங்கள்.
— ஆசிரியர், வலிகாமம் மேற்கு

பதில்: அந்த நாளில் நடாதீர்கள், அந்தச் சேற்றிலும் நடாதீர்கள். சோளகக் காற்றும் வெயிலுமாக நீரேரி வற்றி உப்பேறிக்கொண்டிருக்கும் காலம் அது. 2004 கடற்கோளுக்குப் (சுனாமி) பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடம், பிழையான இனம், நட்டபின் பார்க்காமல் விட்டது: இவைதான் காரணங்கள்.

முதலில் பாருங்கள்: அங்கே முன்பு கண்டல் நின்றதா? நிற்காத சேறு பறவைகள் இரை தேடும் இடமாகவும், தண்ணீருக்கடியில் சாதாழை வளரும் இடமாகவும் இருக்கலாம். அதை மூடுவது பாதுகாப்பு அல்ல. முன்பு நின்று அழிந்த இடமென்றால், ஏன் அழிந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு வீதியோ அணையோ நீரோட்டத்தை மறித்திருக்கும். அங்கே ஒரு மதகைத் துப்புரவாக்கினால், நடாமலே விதை மிதந்து வந்து முளைக்கும்.

நடுவதென்றால் மழை தொடங்கி உப்புக் குறைந்தபின். கண்டலின் நீண்ட முளைவிதை, மேல் முனையில் மஞ்சள் வளையம் தெரிந்து, தொட்டதும் கழரும் நிலையில்தான் முற்றியது. இழுத்துப் பிடுங்கியது பிழைக்காது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் சேற்றில் செருகி, ஒரு மீற்றர் இடைவெளி விடுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் எப்போதும் நிற்கும் இடம் வேண்டாம். கரைப்பக்கம் மூச்சுவேரைப் பென்சில்போல நீட்டும் கண்ணா மரத்துக்கு உரியது, அங்கே கண்டலைத் திணிக்க வேண்டாம். பிள்ளைகளைத் தில்லை மரத்தில் கை வைக்க விடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். 1,000 வேண்டாம், 50 நட்டு ஈராண்டு எண்ணுங்கள். ஜூன் 5இல் அந்த எண்ணிக்கையைச் செய்யலாம்.

கேள்வி: சென்ற மாரிக்கு முன் வெறுங்காணியில் 200 பனங்கொட்டை நட்டோம். ஐந்து மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. திரும்ப நடுவதா?
— சனசமூக நிலையத்தார், மிருசுவில்

பதில்: பொறுங்கள். பனை முதலில் கீழே போகும். கொட்டையிலிருந்து வரும் முளை மண்ணுக்குள் ஓரடிக்கு மேல் இறங்கி, அங்கேதான் கிழங்கு கட்டும். முதல் இலை மேலே தெரிய ஒன்பது மாதத்துக்கு மேலும் ஆகலாம். நாற்றுமேடையில் வளர்த்துப் பிடுங்கி நடுவது இதனால்தான் சரிவருவதில்லை, அந்தக் கிழங்கு முறிந்துவிடும்.

கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு. கொட்டை பழம் விழுந்த சில கிழமைக்குள் நட்டதா, அல்லது வெயிலில் காய்ந்து கிடந்ததா? காய்ந்தது முளைக்காது. அடுத்தது, நிலத்தில் இரண்டடிக்குள் கல் இருக்கிறதா? அலவாங்கை இறக்கிப் பாருங்கள். கல்லில் முட்டினால் கிழங்கு கோணி நின்றுவிடும். உங்கள் பக்கம் மணல், ஆகவே பயம் குறைவு. அடுத்தமுறை 10 அடிக்கு ஒன்றாக, ஒரு குழிக்கு இரண்டு கொட்டை, மேலே மூன்று விரல் மண். வடலியாகும் வரை மாடு ஆடு மேயாமல் முள் அடையுங்கள். ஆணா பெண்ணா என்று பூக்கும் வரை தெரியாது, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் செல்லும்.

சந்தேகம் தீர ஓரத்தில் ஒன்றை மட்டும் தோண்டிப் பாருங்கள். கிழங்கு வந்தால் மற்றவற்றைத் தொடாதீர்கள். தோண்டியதை அவித்துச் சாப்பிடலாம்.